92% பேர் போனது உண்மை, ஆனால் அவர்கள் அமைச்சர்கள் அல்ல

‘டிரம்பின் முதல் ஆட்சியில் 92% அமைச்சர்கள் பாதியிலேயே போய்விட்டார்கள்’ என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. 92% என்பது புரூக்கிங்ஸ் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. அது அதிபர் அலுவலகத்தின் மூத்த உதவியாளர்களைப் பற்றியது. பதவி உயர்ந்து இடம் மாறியவர்களும் அதில் சேர்த்தி.

அங்கே ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தது நிஜம்தான். தலைமை அலுவலர் நாற்காலியில் நான்கு ஆண்டுகளில் நான்கு பேர். தகவல் தொடர்பு இயக்குநராக 2017 ஜூலை 21 அன்று அறிவிக்கப்பட்ட ஸ்காராமுச்சி, 31ஆம் தேதியே வெளியே! அமைச்சரவையிலும் மாற்றங்கள் அதிகம்தான், ஆனால் 92% இல்லை. நிதியமைச்சர் மனூச்சின், வர்த்தக அமைச்சர் ராஸ், வீட்டுவசதி அமைச்சர் கார்சன், வேளாண் அமைச்சர் பெர்டியூ ஆகியோர் 2021 ஜனவரியில் ஆட்சி முடியும்வரை இருந்தார்கள்.

புரூக்கிங்ஸ் இணையதளத்தில் முழுப் பட்டியலும் இருக்கிறது. அந்த வாட்ஸ்அப் தகவலை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.