பத்து ரூபா பல்புக்குப் பாதி வண்டியைப் பிரிக்கணுமா?

"எல்லாம் ஒண்ணுதாங்க, போடுங்க எரியும்." டேஷ்போர்டு மீட்டருக்கு பல்பு கேட்டா, இப்படிச் சொல்லி ஏதோ ஒரு பல்பை நீட்டுற ஸ்பேர்ஸ் கடைக்காரரைச் சித்திரை மாசத்து மத்தியானம் கிருஷ்ணகிரி பைபாஸ் ஓரமா நிறுத்தி, இருபது வருஷ வேனோட மீட்டரைத் தனியாக் கழட்டி மாட்டச் சொல்லணும். நிழல் கிடையாது. தண்ணி வேணா குடுக்கலாம்.

ஒண்ணு இல்லைங்க! கேட்டது மீட்டருக்குள்ள போடுற கேப்லெஸ் பல்பு, அதாவது அடியில உலோக மூடி இல்லாத கண்ணாடி பல்பு, 12 வோல்ட் 3 வாட். கையில திணிக்கிறது பார்க்கிங் லைட்டுக்குப் போற 5 வாட். ரெண்டுக்கும் ஒரே அடி, ஒரே ஹோல்டர், சொகுசா உட்காரும். அதான் வினையே. இன்டிகேட்டர் அம்புக்குறி விட்டுவிட்டு எரியறதால தப்பிச்சிரும். முள்ளுக்குப் பின்னால வெளிச்சம் குடுக்கிற பல்பு ஓசூர்ல ஏறி சேலம் வரைக்கும் அணையாம எரியுதே, அங்க 5 வாட்டைப் போட்டா ஹோல்டர் இளகும், டயல் பழுப்படிக்கும். சில மீட்டர்ல இன்னும் சின்னது, 5 மில்லிமீட்டர் தடிமன், 1.2 வாட். அதனாலதான் பழைய பல்பைக் கையில எடுத்துட்டுப் போய் அடியில பொடி எழுத்துல இருக்கிற வாட்டைப் படிச்சுக் கேட்கணும். கடைக்காரர் படிக்க மாட்டார். கண்ணாடி வீட்ல இருக்காம்.

சரி, சரியான பல்பே கிடைச்சிருச்சுன்னு வச்சுக்குவோம். பத்தாம் நம்பர் ஸ்பேனரால பேட்டரி நெகட்டிவைக் கழட்டியாச்சு. மீட்டர் மூடியில ரெண்டு ஸ்க்ரூ கண்ணுக்குத் தெரியும். கழட்டி இழுத்தா வராது. இன்னும் கொஞ்சம் இழுத்தா 'சடக்'. மூணாவதா ஒரு ஸ்க்ரூ இருந்த சமாச்சாரம் அப்பதான் தெரியும். இத்தனை வருஷம் நம்ம ஊர் வெயில் குடிச்ச பிளாஸ்டிக்குங்க, அது அப்பளம். காது உடைஞ்சா ஒட்டாது. ஸ்டியரிங் தண்டு மேல ஒரு துணியை விரிச்சு வைக்கலேன்னா கழட்டின ஸ்க்ரூ நேரா உள்ள விழும். விழுந்த ஸ்க்ரூவை இதுவரைக்கும் யாரும் முழுசாப் பார்த்ததில்ல, ஓடறப்ப கிணுகிணுன்னு சத்தம் மட்டும் கேட்டிருப்போம்.

மூடி வந்துருச்சு. மீட்டரும் நாலு விரல் அளவுக்கு முன்னால வந்துருச்சு. அங்கயே நிக்கும். ஏன்? பின்னால கியர்பாக்ஸ்ல இருந்து வர்ற ஸ்பீடோமீட்டர் கேபிள். அதோட பூட்டை அழுத்திக்கிட்டே இழுக்கணும். அழுத்தணும்னா கை உள்ள போகணும், கை போகணும்னா மீட்டர் வெளிய வரணும், மீட்டர் வெளிய வரணும்னா கேபிள் கழலணும். இதை வடிவமைச்சவருக்குக் கையே கிடையாதா, இல்ல வண்டி வாங்குறவங்களுக்குப் பல்பே போகாதுன்னு சத்தியம் பண்ணிட்டாரா? பலம் போட்டு இழுத்தா உள்கம்பி வளையும், அப்புறம் ஆயுசுக்கும் முள்ளு நாப்பதுக்கும் அறுபதுக்கும் நடுவுல ஆடிக்கிட்டே இருக்கும். வழி என்னன்னா, வண்டிக்கு அடியில போய் கியர்பாக்ஸ் பக்கத்து முனையைக் கழட்டிவிடறது. மேல கொஞ்சம் தொளதொளன்னு நீளம் கிடைக்கும். ஆக, டேஷ்போர்டு பல்பு மாத்த வண்டிக்கு அடியில படுத்தாச்சு.

மீட்டரைத் திருப்பினா வரிசையா பல்பைப் பிடிச்சிருக்கிற கறுப்புக் குமிழ், எல்லாம் ஒரே அச்சு. முன்னால இடது பக்கம் இருந்த அம்பு பின்னால வலது பக்கம். இதை மறந்து நல்ல பல்பைக் கழட்டி, போன பல்பை அப்படியே விட்டுட்டு, எல்லாத்தையும் பூட்டி முடிச்ச ஆளுங்க எத்தனை பேர்! குமிழைக் கால் சுத்து இடப்பக்கம் திருப்பினா கையோட வரும். பல்பு நல்லா இருந்தும் எரியலேன்னா ஹோல்டரோட பித்தளைக் காதைப் பாருங்க, பச்சையாக் களிம்பு ஏறியிருக்கும். பென்சில் ரப்பரால தேய்ச்சாப் போதும். உப்புத்தாள் போடற மகராசனுங்களாலதான் மீட்டர் முதுகுல தாள் மாதிரி ஒட்டி பல்புக்குக் கரண்டு குடுக்கிற செம்புத்தடமே அறுந்து, அதுமேல வயரை ஈயம் வச்சு ஒட்ட வேண்டிய நிலைமை வருது.

இதுக்கு நடுவுல ஒருத்தர் வருவார். "எல்இடி போட்டுருங்கண்ணே, ஜென்மத்துக்கும் போகாது." போட்டா எரியாது. திருப்பிப் போட்டா எரியும், ஏன்னா அதுக்கு பிளஸ் மைனஸ் உண்டு. ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே அம்பு இருக்கிற பழைய மீட்டர்ல எப்படிப் போட்டாலும் ஒரு பக்கத்துக்குத்தான் எரியும். சார்ஜிங் லைட்ல போட்டீங்கன்னா இன்னும் விசேஷம். பல வண்டியில பேட்டரியைச் சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டரை எழுப்பிவிடற கரண்டே அந்த பல்பு வழியாத்தான் போகுது. எல்இடி விடற கரண்டு அதுக்குப் பத்தாது. பேட்டரி சார்ஜ் ஏறாம தொப்பூர் கணவாயில ராத்திரி ஹெட்லைட் மங்குறப்ப அந்த அண்ணனுக்கு போன் போடுங்க, எடுக்கவே மாட்டார்.

"லைட் எரியலேன்னா என்ன, வண்டி ஓடுதில்ல"ன்னு இன்னொரு கூட்டம். ஆயில் பிரஷர் சரியா இருந்தாலும் அந்த லைட் எரியாது, பல்பு போயிருந்தாலும் எரியாது. சாவியை ஆன்ல வச்சு, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னால ஆயிலும் சார்ஜிங்கும் எரியுதான்னு ஒரு தடவை பார்த்தாத் தெரிஞ்சுபோகும். இந்த ரெண்டு செகண்ட் வேலைக்குச் சோம்பல்பட்டு இன்ஜினையே இறக்கி வச்சவங்க யார் யாருன்னு பாலக்கோட்டுத் தக்காளி லோடு வண்டிக்காரங்ககிட்ட கேட்டா வரிசையாச் சொல்லுவாங்க.

எல்லாம் மாட்டி, கேபிள் 'டக்'னு உட்கார்ந்து, நெகட்டிவைப் பூட்டி, இன்டிகேட்டரைப் போட்டா... பச்சை அம்பு பளிச். ஹைபீம் நீலம் அவுட்! நேத்து வரைக்கும் எரிஞ்சுதே! கழட்டின குலுக்கல்ல பழைய இழை அறுந்திருக்கும். சிரிப்புத்தான் வருது, வேறென்ன வரும். பிரிச்ச அன்னைக்கே அத்தனை பல்பையும் மாத்தியிருந்தா நூறு, நூத்தம்பதோட போயிருக்கும்.

இவ்வளவு பாடும் எதுக்கு? இன்டிகேட்டர் ஓடுதா நின்னுருச்சான்னு ஓட்டுறவனுக்குத் தெரியணும்னுதானே? முன்னால ஒரு கார் போகுது, புத்தம்புதுசு, மீட்டர் பூரா டிவி மாதிரி ஜொலிக்கும். காரிமங்கலத்துல போட்ட வலது இன்டிகேட்டரைக் காவேரிப்பட்டினம் வரைக்கும் அணைக்கல. ஆரன் அடிச்சா கண்ணாடியை இறக்கி முறைக்கிறான்.