சபையின் குரல் காதில் விழ வேண்டும்

2020 ஏப்ரல் 12, ஈஸ்டர். ஊரடங்கு போட்டு மூன்றாவது வாரம். எங்கள் ஊரில் ஈஸ்டர் ஆராதனை விடியற்காலை நாலரை மணிக்கு. அந்த வருஷம் கோயில் பூட்டிக் கிடந்தது. எங்கள் சபைப் போதகரான ஐயர் இரண்டு பேரை மட்டும் வைத்துக்கொண்டு ஆராதனை நடத்தினார். அது யூடியூபில் நேரலையாக வந்தது. கோயிலைச் சுற்றியுள்ள நாலு தெருவிலும் வீட்டுக்கு ஒரு செல்போன், அதைச் சுற்றிக் குடும்பம்.

முதல் பாட்டு ஆரம்பித்த பிறகுதான் சங்கடம் தெரிந்தது. ஒவ்வொரு போனும் சில நொடிகள் முன்னே பின்னே ஓடியது. நாங்கள் இரண்டாம் அடியில் இருந்தால் பக்கத்து வீடு முதல் அடியில் இருந்தது. மூலை வீடு பல்லவியை முடித்துச் சரணத்துக்கே போய்விட்டது. ஒரே பாட்டு, தெரு முழுக்கச் சிதறிக் கிடந்தது. அம்மா பாதியில் பாடுவதை நிறுத்திவிட்டார்கள்.

அப்போது எதிர் வீட்டு ஆச்சி வெளியே வந்து திண்ணையில் உட்கார்ந்தார்கள். எண்பது வயதுக்கு மேல். பேரனிடம் போனை அணைக்கச் சொல்லிவிட்டு, தானாகவே பல்லவியை எடுத்தார்கள். குரல் நடுங்கியது, ஆனால் தாளம் பிசகவில்லை. நாங்களும் போனை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்தோம். அப்புறம் பக்கத்து வீடு, அதற்கு அடுத்த வீடு. இரண்டாவது சரணம் வருவதற்குள் தெருவே ஒரே அடியில் நின்றது. இருட்டில் யார் முகமும் தெரியவில்லை, குரலை வைத்து ஆளை அடையாளம் கண்டேன்.

சின்ன வயதிலிருந்து கோயிலில் பாடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கிடைக்கும் சந்தோஷம் எங்கிருந்து வருகிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. பக்கத்தில் நிற்பவர் மூச்சு வாங்கும் இடத்தில் நானும் மூச்சு வாங்குகிறேன் பாருங்கள், அதிலிருந்துதான். நல்ல குரல், ராக சுத்தம் எல்லாம் அதற்கு அப்புறம்.

இந்தச் சந்தோஷம் சபையார் கைக்கு வர நிறையப் பேர் உழைத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதருக்கு முந்திய காலத்தில் ஆராதனைப் பாட்டு பெரும்பாலும் லத்தீனில், பாடகர் குழுவின் பொறுப்பில் இருந்தது. 1524-இல் எட்டே எட்டுப் பாட்டுகள் கொண்ட ஒரு சின்னப் புத்தகம் ஜெர்மன் மொழியில் அச்சாகி வந்தது. அந்த மரபில் வளர்ந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அவரும் அவருக்குப் பின் வந்த பப்ரிசியுஸ் போன்றவர்களும் ஜெர்மன் பாட்டுகளைத் தமிழில் பாட வைத்தார்கள். லுத்தரன் சபைகளில் இன்றும் அந்த ஞானப்பாட்டுகள் ஒலிக்கின்றன. ஆனால் வெளிநாட்டு மெட்டில் தமிழை உட்கார வைப்பது லேசான காரியம் இல்லை. குறிலில் ராகம் நீளும், நெடிலில் சட்டென்று முடிந்துவிடும். எங்கள் சபைப் பாட்டுப் புத்தகமான பாமாலையிலும் அந்த நெருடல் உண்டு. பாடிப் பாடிப் பழகியதால் அதுவும் எங்களுடையதாகிவிட்டது.

கீர்த்தனை வேறு ரகம். 1774-இல் திருநெல்வேலியில் பிறந்து, தஞ்சாவூரில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, சரபோஜி மன்னரின் ஆதரவு பெற்று, கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதிய வேதநாயகம் சாஸ்திரியாரை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கும்பிடத் தோன்றுகிறது. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அமைப்பு எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் கதவைத் திறந்து வைத்தது. சரணத்தை ஒருவர் பாடினால் போதும், பல்லவி திரும்பி வரும்போது சபை முழுக்க அதில் ஏறிக்கொள்ளலாம். என் அப்பாவைப் பெற்ற பாட்டி கைநாட்டு. புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், ஆனால் அதிலுள்ள கீர்த்தனைகளில் பாதிக்கு மேல் மனப்பாடம். கேட்டுக் கேட்டே வந்த பாட்டு அது. பக்கத்தில் நின்ற ஒருத்தி பாடியதைக் கேட்டு வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்பா இறந்தபோது அடக்க ஆராதனையில் நான் முதல் பெஞ்சில் நின்றேன். பாட்டு நம்பரைச் சொன்னார்கள், அது அப்பாவுக்குப் பிடித்த கீர்த்தனை. என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. பின்னாலிருந்து பாட்டு எழும்பி வந்தது. மளிகைக் கடை அண்ணாச்சி, அப்பாவோடு வருஷக்கணக்காகப் பேசாமல் இருந்த சித்தப்பா, பள்ளிக்கூடத்து டீச்சர் எல்லாரும் பாடினார்கள். பிலிப்பி சிறையில் பவுலும் சீலாவும் நடுராத்திரியில் பாடியபோது மற்ற கைதிகள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று அப்போஸ்தலர் 16-இல் ஒரு வரி வரும். பலமுறை வாசித்துக் கடந்துபோன வரி. அன்றைக்கு நான் அந்தக் கைதிகளில் ஒருவனாக நின்று கேட்டேன். நான் பாட வேண்டியதையும் சேர்த்து சபை பாடியது. அப்படிப்பட்ட நேரத்தில் எவ்வளவு அருமையான ரெக்கார்டிங்கைப் போட்டாலும் எனக்கு ஈடாகியிருக்காது.

அதனால்தான் இப்போது பல கோயில்களில் நடப்பதைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. கீபோர்டு, டிரம்ஸ், ஆளுக்கொரு மைக், இரண்டு பக்கமும் ஆள் உயர ஸ்பீக்கர். வாசிக்கும் பிள்ளைகள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. வாரம் முழுக்கப் பயிற்சி எடுக்கிறார்கள், பக்தியோடுதான் செய்கிறார்கள். கிட்டார் எனக்கும் பிடிக்கும். ஆனால் என் குரலே என் காதில் விழாத சத்தத்தில் நான் எதற்குப் பாடுவது? சுற்றிப் பார்த்தால் பாதிப் பேர் உதட்டைக்கூட அசைப்பதில்லை. திரையில் ஓடும் வரிகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். சுருதியும் முன்னால் பாடுகிறவரின் தொண்டைக்கு ஏற்றபடி வைக்கப்படுகிறது. நடுவயது ஆண்களுக்கும் வயதான பெண்களுக்கும் அது எட்டாது. ஒரு கட்டை இறக்கினால் கோயிலே பாடும்.

போன மாதம் பாடகர் குழுவை நடத்தும் தம்பியிடம் இதைச் சொன்னேன். கோபப்படுவாரோ என்று பயந்தேன். "சரிண்ணே, காணிக்கைப் பாட்டை மட்டும் வாத்தியம் இல்லாம பாடிப் பார்ப்போம்" என்றார்.

அந்த ஞாயிறு முதல் சரணம் சுருதி இல்லாமல் தள்ளாடியது. பைக்குள் காணிக்கை விழும் சத்தம்கூடக் கேட்டது. எனக்கே கூச்சமாக இருந்தது. இரண்டாவது சரணத்தில் பெண்கள் பக்கம் குரல் கெட்டிப்பட்டது. மூன்றாவதில் கடைசிப் பெஞ்சிலிருந்து கனமான ஒரு பேஸ் குரல் அடியில் வந்து சேர்ந்துகொண்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். ஓய்வுபெற்ற வாத்தியார் தாத்தா. போர்டிங் ஸ்கூலில் படித்த காலத்தில் நாலு பார்ட்டாக, அதாவது நாலு குரலாகப் பிரித்துப் பாடக் கற்றுக்கொண்டவராம். இத்தனை வருஷம் அவர் கோயிலில் பாடி நான் கேட்டதே இல்லை.

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது தாத்தா அந்தத் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அடுத்த வாரம் என்ன நம்பர் போடப்போற? இப்பவே சொல்லிரு, பார்ட் பாத்து வைக்கணும்."