பிளாஸ்டிக் சாம்பல் தென்னைக்கு உரமா?

“குப்பை வண்டி வராத நாளில் பிளாஸ்டிக்கோடு சேர்த்தே எரித்துவிடுங்கள். கொசு ஒழியும், சாம்பல் தென்னைக்கு உரம். சின்ன ஊர்களில் எரிக்கத் தடை இல்லை.” வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி சுற்றுகிறது. மூன்றுமே தவறு.

விறகுச் சாம்பலில் சாம்பல் சத்து (பொட்டாசியம்) உண்டு, சரி. அந்தப் பேரை வைத்துத்தான் இந்தச் செய்தி நம்மை நம்பவைக்கிறது. ஷாம்பு பாக்கெட்டையும் பால் கவரையும் எரித்த இடத்தைக் கிளறிப் பாருங்கள்: உருகி இறுகிய கறுப்புக் கட்டிகள்தான் கிடக்கும். அதில் உரம் இல்லை, கன உலோகங்கள் இருக்கலாம். பிவிசி வகை பிளாஸ்டிக் எரிந்தால் டையாக்சின் என்ற நச்சு வரும். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது பக்கத்தில் விளையாடும் நம் பிள்ளைகள்தான்.

புகைக்குக் கொசு சற்று நேரம் விலகும், அவ்வளவுதான். டெங்கு கொசு வளர்வது தேங்காய்ச் சிரட்டை, பழைய டயரில் தேங்கும் தண்ணீரில். அதைக் கவிழ்த்துக் கொட்டுங்கள்.

தடை பேரூராட்சிகளுக்கும் உண்டு. 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளே தெருவிலோ வீட்டு வளாகத்துக்கு வெளியே பொது இடத்திலோ குப்பை எரிப்பதைத் தடுத்தன. அதே ஆண்டு டிசம்பரில், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், திறந்தவெளியில் எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று உத்தரவிட்டது. இரண்டையும் சுற்றுச்சூழல் அமைச்சகம், தீர்ப்பாயம் ஆகியவற்றின் இணையதளங்களில் பார்க்கலாம்.

வண்டி வரவில்லையா? காய்கறித் தோலைக் காய்ந்த சருகோடு ஓட்டை போட்ட வாளியில் போட்டு வையுங்கள். சில வாரங்களில் மக்கிவிடும். தென்னைக்கு அது நல்ல உரம். பிளாஸ்டிக்கைக் கழுவிக் காயவைத்து, வண்டி வரும்வரை சாக்கில் வையுங்கள்.

அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடமும் இதைச் சொல்லுங்கள்.