அந்தப் பெண்ணுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

அந்தப் பதிவைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாளாக நம் ஆர்கிடெக்ட் துறையில் எல்லோரும் அதைத்தான் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ரெண்டர் (கட்டடத்தைக் கம்ப்யூட்டரில் படமாக்குவது) பண்ணத் தெரிகிறது, கான்ட்ராக்ட் படிக்கத் தெரியவில்லை." கீழே வரிசையாகக் கைதட்டல். கைதட்டியவர்களில் நான் மதிக்கும் சீனியர்களும் இருக்கிறார்கள். இல்லாவிட்டால் பேசாமல் கடந்துபோயிருப்பேன்.

அந்தப் பதிவில் திட்டு வாங்கும் ஜூனியர் ஆர்கிடெக்ட் பெண் செய்தது தவறுதான். இன்னும் முடிக்காத வாட்டர்ப்ரூஃபிங் வேலைக்கு, ரன்னிங் பில்லில், அதாவது வேலை நடக்க நடக்கக் கான்ட்ராக்டர் கொடுக்கும் பில்லில், முழுப் பணத்தையும் பரிந்துரைத்துவிட்டார். நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பில்லை எப்படிச் சரிபார்ப்பது என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

கல்லூரியில் ஐந்து வருடம் டிசைன் ஸ்டுடியோ. ஒப்பந்தம் என்பது கடைசியில் ஒரு பாடம், ஒரு தேர்வு, அவ்வளவுதான். அப்புறம் வேலையில் சேர்ந்ததும் சைட்டைக் கையில் கொடுத்துவிடுகிறோம். பில்லைப் பார்ப்பது வெறும் கூட்டல் கணக்கு இல்லை. அளவை சைட்டில் போய் எடுக்க வேண்டும். முந்தைய பில்லில் கொடுத்ததைக் கழிக்க வேண்டும், பாதுகாப்புக்காக நிறுத்திவைக்கும் ரிடென்ஷன் தொகையைப் பிடிக்க வேண்டும், முன்பணத்தை ஈடுகட்ட வேண்டும், தரமில்லாத வேலையை நிறுத்திவைக்க வேண்டும். இதில் ஒன்று விட்டுப்போய், நடுவில் கான்ட்ராக்டர் நொடித்துப்போனால் கிளையன்டின் பணம் போனதுதான். 1974-இல் இங்கிலாந்தில் சட்கிளிஃப் – தாக்ரா வழக்கில் இதுதான் நடந்தது. சரியில்லாத வேலைக்கும் சேர்த்து ஆர்கிடெக்ட் சான்று கொடுத்திருந்தார், கான்ட்ராக்டர் திவாலானார். கவனக்குறைவாகச் சான்று கொடுத்தால் ஆர்கிடெக்ட் பொறுப்பேற்கத்தான் வேண்டும் என்று அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. இவ்வளவு கனமான ஒரு கையெழுத்தை, சொல்லித்தராமல், இரண்டு வருட அனுபவம்கூட இல்லாதவரைப் போடச் சொன்னது யார்?

"நாங்களும் அடிபட்டுத்தான் கற்றோம்" என்கிறீர்கள். அடிபட்டது நீங்கள் மட்டுமா? உங்கள் கிளையன்டும் சேர்ந்துதானே அடிபட்டார்!

"கான்ட்ராக்ட் ஆபீஸில்தானே இருக்கிறது, எடுத்துப் படிக்க வேண்டியதுதானே?" எங்கே இருக்கிறது? நான் வேலை பார்த்த முதல் ஆபீஸில் அது முதலாளியின் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. என்னிடம் இருந்தது டிராயிங்கும், வேலை அளவுப் பட்டியலான பிஓக்யூவும் மட்டும்.

அங்கே எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். டிராயிங் தாமதமாக வந்தது, அதனால் வேலை தடைப்பட்டது என்று ஒருநாள் கான்ட்ராக்டர் கடிதம் கொடுத்தார். நல்லபடியாகப் பேசிக்கொண்டிருந்த மனிதர் ஏன் திடீரென்று சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். முதலாளியிடம் காட்டினேன். "ஃபைலில் போடு" என்றார், போட்டேன். எங்கள் ஒப்பந்தம், சர்வதேசப் பொறியாளர் கூட்டமைப்பான ஃபிடிக் 1999-இல் வெளியிட்ட சிவப்புப் புத்தகம் என்ற மாதிரி ஒப்பந்தத்தின்படி போட்டது. அதில் கால நீட்டிப்போ கூடுதல் பணமோ வேண்டுமென்றால், விஷயம் தெரிந்த 28 நாளுக்குள் கான்ட்ராக்டர் அறிவிப்புக் கொடுத்தாக வேண்டும். தவறினால் உரிமை போய்விடும். முழு விவரம் வந்த பிறகு 42 நாளுக்குள் நம் பக்கத்திலிருந்து பதில் போக வேண்டும். அவர் சண்டைக்கு வரவில்லை, தன் வேலையைச் சரியாகச் செய்தார். எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை.

கடைசியில் தாமதத்துக்கு அபராதம் பிடிக்கலாம் என்று கிளையன்ட் பேச, கான்ட்ராக்டர் அந்தக் கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். எல்லோரும் முதலாளியைப் பார்த்தார்கள். அவர் என்னைக் காட்டி, "சைட்டைப் பார்த்துக்கொண்டது இவர்தான், இவரைக் கேளுங்கள்" என்றார். அந்த அறையில் நான் நின்ற நிலையை இன்னும் மறக்க முடியவில்லை.

அடுத்த ஆபீஸில் ஒரு மேடம் இருந்தார். முதல் மூன்று பில்லுக்கு என்னுடன் சைட்டுக்கு வந்து டேப்பின் மறுமுனையைப் பிடித்தார். சைட்டில் வாயால் சொன்ன எந்த மாற்றத்தையும் அன்று மாலைக்குள் எழுத்தில் அனுப்ப வைத்தார். நான் எழுதிய மீட்டிங் மினிட்ஸைச் சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தார். இன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே கற்றதுதான். அவருக்கும் நேரம் இல்லை சார். மூன்று சைட் ஓடிக்கொண்டிருந்தது. நேரமில்லை என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

சொல்லிக்கொடுத்தால் வேறு ஆபீஸுக்குப் போய்விடுவார்களாம். போகட்டுமே. நீங்களும் யாரிடமோ கற்றுக்கொண்டு வந்தவர்தானே?

ஒரு பெண்ணைப் பொதுவில் நிறுத்தி, முழுத் தலைமுறையையும் சேர்த்துத் திட்டுகிறீர்கள். அந்தப் பில் அவருடைய சீனியரின் மேஜையைத் தாண்டாமலா கிளையன்டுக்குப் போயிருக்கும்? அந்த சீனியரைப் பற்றி அந்தப் பதிவில் ஒரு வரி இருக்கிறதா? நான் மூன்று முறை படித்தேன், இல்லை.

அந்தக் கான்ட்ராக்டரின் கடித நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதன் ஓரத்தில் என் முதலாளியின் சுருக்கொப்பமும் தேதியும் இருக்கின்றன. அந்தப் பதிவுக்குக் கீழே முதலில் கைதட்டியவர்களில் அவரும் ஒருவர்.