1,400 நாள் ரீபூட் செய்யாத சர்வருக்கு எதற்குக் கைதட்டல்?

முந்தாநாள் சர்வர் பராமரிப்பவர்களின் குழு ஒன்றில் வந்த படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதில் இருந்தது, 1,400 நாள்களுக்கு மேல் ஒருமுறைகூட ரீபூட் செய்யப்படாமல், அதாவது அணைத்துத் துவக்கப்படாமல், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு லினக்ஸ் சர்வர். அதற்கு நூற்றுக்கணக்கான பாராட்டுகள். "இதில் கெர்னல் பேட்ச் கடைசியாக எப்போது போட்டீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையக்கரு, பேட்ச் என்பது அதன் பிழைகளுக்கான திருத்தம். "எதற்கெடுத்தாலும் பயமுறுத்துகிறவர்" என்று பட்டம் கிடைத்தது. சற்று நேரத்தில் என் கருத்தும் நீக்கப்பட்டது. வருத்தமில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஆனால் அதைவிடப் பெரிய கவலை, இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் அந்தக் கைதட்டலைப் பார்த்து எதைக் கற்றுக்கொள்வார்கள் என்பதுதான்.

கெர்னலுக்குப் பாதுகாப்புத் திருத்தம் வந்தது, அப்டேட் கட்டளையைக் கொடுத்தோம், பிழையில்லாமல் முடிந்தது என்றால் வேலையே முடிந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். முடியவில்லை. புதிய கெர்னல் கோப்பை வட்டில் கொண்டுவந்து வைத்து, அடுத்த முறை இயந்திரம் துவங்கும்போது அதை எடுத்துக்கொள்ளும்படி குறித்துவைப்பது மட்டுமே அந்தக் கட்டளையின் வேலை. நினைவகத்தில் ஓடிக்கொண்டிருப்பது பழைய கெர்னல்தான். ஓட்டையும் அதில் அப்படியே இருக்கும். தரவுத்தளத்தை அப்டேட் செய்தால் அந்தச் சேவையை மட்டும் நிறுத்தித் துவக்கினால் போதும். கெர்னலை அப்படி நிறுத்த முடியாது, மற்ற எல்லாமே அதன்மேல்தான் நிற்கின்றன. ஆகவே ரீபூட் செய்யாத வரை பேட்ச் போட்டதாக ஆகாது. இதை நூறு முறை சொல்ல வேண்டியிருந்தாலும் சொல்வேன்.

1,400 நாள் என்பதற்கு என்ன பொருள் என்று ஓர் எடுத்துக்காட்டோடு பாருங்கள். 2024 ஜனவரியில் லினக்ஸ் கெர்னலின் நெட்ஃபில்டர் என்ற, வலைப்போக்குவரத்தை வடிகட்டும் பகுதியில் ஒரு பிழை திருத்தப்பட்டது. விடுவித்துவிட்ட நினைவகத்தை மறுபடியும் தொடும் வகையைச் சேர்ந்த அந்தப் பிழை, 2014இல் வெளிவந்த 3.15 பதிப்பிலிருந்தே இருந்துவந்தது. 2024 மார்ச்சில், அதைப் பயன்படுத்தி ரூட் அதிகாரம் (இயந்திரத்தின் முழுக் கட்டுப்பாடு) பெறும் நிரல் விரிவான விளக்கத்தோடு பொதுவில் வந்துவிட்டது. மே மாதத்தில் அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு முகமையான சீசா, உண்மைத் தாக்குதல்களில் பயன்படும் குறைபாடுகளின் பட்டியலில் அதைச் சேர்த்தது. படத்தில் இருந்த சர்வர் இதற்கெல்லாம் முன்பே துவங்கி, இன்றுவரை அதே கெர்னலோடு ஓடுகிறது. இதைச் சுட்டிக்காட்டினால் பயமுறுத்துவதாகுமா?

"அது உள்ளே கணக்கு வைத்திருப்பவர் மட்டுமே பயன்படுத்தக்கூடிய ஓட்டை, எங்கள் சர்வரில் வெளியாருக்குக் கணக்கே கிடையாது" என்று ஒருவர் பதில் எழுதினார். அவருக்கு விருப்பக்குறிகள் குவிந்தன. ஐயா, உங்கள் வலைத்தளம் எந்தக் கணக்கில் ஓடுகிறது? அந்தத் தளத்தின் நிரலில் ஒரு சிறு பிழை இருந்தால் போதும், வெளியிலிருந்து வருகிறவர் அந்தக் கணக்காகவே உள்ளே வந்து நின்றுவிடுவார். அங்கிருந்து ரூட்டுக்கு ஏறுவதற்கான படிதான் கெர்னல் ஓட்டை. 2016 அக்டோபரில் வெளியான டர்ட்டி கவ் என்ற கெர்னல் குறைபாட்டைப் பாதுகாப்பு ஆய்வாளர் பில் ஓஸ்டர் கண்டுபிடித்ததே, தம் சர்வருக்கு இணையவழியாக வந்த போக்குவரத்தைப் பதிவுசெய்து வைத்திருந்து, அதிலிருந்து தாக்குதல் நிரலைப் பிரித்தெடுத்ததால்தான். வெளியிலிருந்து வராது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

டர்ட்டி கவ் என்ற பெயரை எழுதும்போதே எனக்கு மனம் கனத்துவிடுகிறது. படிக்க மட்டுமே அனுமதியுள்ள கோப்பில் ஒரு நிரல் எழுத முயலும்போது, கெர்னல் அந்த நினைவகப் பக்கத்தை நகலெடுத்து, நகலில்தான் எழுத விட வேண்டும். இரண்டு இழைகளை (ஒரு நிரலுக்குள் இணையாக ஓடும் செயல்களை) ஒரே நேரத்தில் போட்டியிடவிட்டால், ஒரு நொடியின் மிகச் சிறு இடைவெளியில் மூலத்திலேயே எழுதிவிடலாம் என்பதுதான் அந்தக் குறைபாடு. 2007இல் வந்த 2.6.22 பதிப்பிலிருந்து ஒன்பது ஆண்டுகளாகத் தாக்குதலுக்கு இடம்தரும் நிலையில் கெர்னலில் இருந்தது. அதற்கும் முன்பே, 2005இல், தாமே அந்தப் பழைய பிழையைத் திருத்த முயன்று சரிவராமல் போனதை, திருத்தத்தோடு இணைத்த குறிப்பில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

அந்தத் திருத்தம் வந்த வாரத்திலேயே, நான் அப்போது வேலைபார்த்த இடத்தில், என்னோடு இருந்த ஓர் இளைஞன் எல்லா சர்வர்களிலும் அதை நிறுவிவிட்டான். ரீபூட் செய்ய இரவில் அரைமணி நேரம் வேண்டும் என்று மேலாளருக்கு மூன்று முறை மின்னஞ்சல் அனுப்பினான். முதலில் மாதக் கடைசி என்றார்கள், அடுத்து தணிக்கை என்றார்கள், மூன்றாவதற்குப் பதிலே இல்லை. 2017 பிப்ரவரியில் கோப்பு ஏற்றும் பக்கம் ஒன்றின் வழியாக யாரோ உள்ளே வந்து, டர்ட்டி கவ் மூலமாகவே ரூட் ஆகிவிட்டார்கள். திருத்தப்பட்ட கெர்னல் நான்கு மாதங்களாக வட்டில் காத்துக்கிடந்தது. விசாரணையில் பணிப்பதிவேட்டை விரித்துவைத்து, "பேட்ச் போடப்பட்டது என்று நீதானே எழுதியிருக்கிறாய்?" என்று அவனைத்தான் கேட்டார்கள். அந்த மூன்று மின்னஞ்சல்களைப் பற்றித் தெரிந்த நானும் அதே அறையில்தான் இருந்தேன். பேசினேன், ஆனால் பேச வேண்டிய அளவுக்குப் பேசவில்லை. அவனை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள், சில மாதங்களில் வேலையை விட்டே போய்விட்டான்.

அதே ஆண்டு மே 12 அன்று, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீநிரல் பரவியது. அது நுழைந்த ஓட்டை, விண்டோஸ் கெர்னலுக்குள் இயங்கும் கோப்புப் பகிர்வு இயக்கியில் இருந்தது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே கொடுத்துவிட்டது. இடையில் 59 நாள். இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது, திருத்தம் இல்லாததால் ஏற்பட்ட நிலை அல்ல. இருந்த திருத்தம் பல இயந்திரங்களுக்குப் போய்ச் சேராததால் ஏற்பட்ட நிலை. அந்த வாரம் எங்கள் மேலாளர் அரைமணி என்ன, ஓர் இரவு முழுவதையும் ரீபூட்டுக்குக் கொடுத்தார். கேட்டுக்கொண்டே இருந்தவன் அப்போது எங்கள் பிரிவில் இல்லை.

இனி, "2024 ஜூலையில் கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் அப்டேட்டால் உலகமே நின்றதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்பவர்களுக்கு. நின்றது உண்மை, 85 லட்சம் விண்டோஸ் இயந்திரங்கள் என்று மைக்ரோசாஃப்டே மதிப்பிட்டது. ஆனால் அன்று வந்தது கெர்னலின் பாதுகாப்புத் திருத்தம் கிடையாது. வெளி நிறுவனம் ஒன்றின் கெர்னல் இயக்கி படிக்கும் தரவுக்கோப்பு, ஒரே நேரத்தில் எல்லா இயந்திரங்களுக்கும் அனுப்பப்பட்டது. அதிலிருந்து கற்க வேண்டியது, ஓர் இயந்திரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போக வேண்டும் என்பது. பேட்சே போடாதே என்ற பாடம் அதில் எங்கே இருக்கிறது?

ரீபூட் செய்யாமலே ஓடும் கெர்னலில் திருத்தத்தைச் செலுத்தும் லைவ் பேட்ச் இருக்கிறதே என்றால், இருக்கிறது, 2015இல் 4.0 பதிப்பிலேயே அதற்கான அடிப்படை கெர்னலில் சேர்ந்துவிட்டது. நல்ல வசதி, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் எல்லாத் திருத்தங்களையும் அப்படிச் செலுத்த முடியாது, ரீபூட்டைத் தள்ளிப்போடத்தான் அது உதவும். படம் போட்டவரிடம் இதையும் கேட்டிருந்தேன், சிரிப்புக் குறி மட்டும் வந்தது.

நியாயமான எதிர்வாதம் ஒன்று உண்டு. 2024 பிப்ரவரியிலிருந்து கெர்னல் குழுவே குறைபாடுகளுக்கு சிவிஇ எண் (பாதுகாப்புக் குறைபாடுகளை அடையாளம் காட்டும் பொது எண்) வழங்குகிறது. எண்கள் வந்து குவிகின்றன, எது அவசரம் என்று தனியொரு அட்மினால் பிரித்தறிய முடிவதில்லை. ஒப்புக்கொள்கிறேன், நானே திணறியிருக்கிறேன். ஒவ்வொன்றாகப் பிரிக்க முயல்வதை விட்டுவிட்டு, திருத்தங்களெல்லாம் சேர்ந்து வரும் நிலைப் பதிப்பை (stable) முழுமையாக எடுத்து, குறித்த நாளில் ரீபூட் செய்வதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"ரீபூட் செய்தால் திரும்ப எழாமல் போனால்?" என்று கேட்டவருக்குத்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் உண்மையைப் பேசியிருக்கிறார். எழுமா என்று உங்களுக்கே தெரியாத சர்வர் ஏற்கெனவே பழுதான சர்வர். மின்சாரமோ வட்டோ ஒருநாள் கைவிடும்போது, நீங்கள் தேர்ந்தெடுக்காத நேரத்தில், பழைய அமைப்புகள் யாருக்கும் நினைவில்லாத நிலையில் அது தெரியவரும். நாள் குறித்து, காப்புப் பிரதி எடுத்து, துவக்கப் பட்டியலில் பழைய கெர்னலையும் வைத்துக்கொண்டு செய்தால், எழாவிட்டாலும் பின்வாங்க இடம் இருக்கும். அந்த இரவு வேலையை அமைதியாகச் செய்துவிட்டுப் போகிறவர்களின் சர்வர் 30 நாள், 40 நாள் என்றுதான் காட்டும். அவர்களுக்கு யாராவது கைதட்டியிருக்கிறோமா? அந்தப் பையனுக்கு ஒருவரும் தட்டவில்லை, நான் உட்பட.

நீக்கிய கருத்தைத் திரும்பப் போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. படம் போட்ட நண்பர், இப்போது ஓடும் கெர்னலின் பதிப்பு எண்ணையும் வட்டில் நிறுவியிருக்கும் கெர்னலின் எண்ணையும் அருகருகே வைத்துப் பார்க்கட்டும். பொதுவில் போட வேண்டாம், அது ஆபத்து. அவர் மட்டும் பார்த்தால் போதும். இரண்டும் வேறாக இருந்து, ரீபூட் செய்யத் தயக்கமாக இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்பட்டும். எந்த இரவென்றாலும் உடனிருந்து உதவுகிறேன்.