நா ஹே-சோக் விவாகரத்துக்குப் பிறகா எழுத வந்தார்?

கொரிய எழுத்தாளர் நா ஹே-சோக் (1896–1948) பற்றி ஒரு பதிவு சுற்றுகிறது. கணவர் விவாகரத்து செய்த ஆத்திரத்தில்தான் அவர் பெண்ணுரிமை பேச ஆரம்பித்தாராம். தவறு. விவாகரத்து 1930-இல். அதைப் பற்றிய அவரது வெளிப்படையான வாக்குமூலம் 1934-இல் வந்தது, பலருக்கும் அது ஒன்றுதான் தெரியும்.

ஆனால் ‘கியோங்ஹுய்’ சிறுகதை 1918-லேயே வந்துவிட்டது, அப்போது அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. கதையில், ஜப்பானில் படிக்கிற, விடுமுறைக்கு வீடு வந்த பெண், வேலைக்காரப் பெண்ணோடு அடுப்படியில் உட்கார்ந்து கஞ்சிப்பசை காய்ச்சுகிறாள், வைக்கோல் எரிகிற சத்தமும் பசை கொதிக்கிற சத்தமும் அவள் காதில் இசைக்குழுவின் வாசிப்பாகக் கேட்கின்றன. படித்த பெண் வீட்டுவேலைக்கு ஆகமாட்டாள் என்ற பேச்சுக்கு இதைவிட அழகான பதில் உண்டா! அப்புறம், அப்பா பார்த்த வரனை மறுத்துவிட்டு, பெண் என்பதற்கு முன்னால் நான் மனுஷி என்கிறாள்.

அதே காலத்தில் அவர் சியோலில் பள்ளி ஆசிரியை. ஜப்பானிய ஆட்சிக்கு எதிரான 1919 மார்ச் விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றார். தாய்மையின் வலியை மறைக்காமல் எழுதிய கட்டுரை 1923-இல் வெளிவந்தது, அதுவும் விவாகரத்துக்கு 7 ஆண்டுகள் முன்பு. அந்தப் பதிவைப் பகிர்ந்தவர்கள் தயவுசெய்து திருத்திவிடுங்கள்.