அழைப்பு குறைஞ்சா வண்டியும் குறையணுமா?
தீ விபத்து அழைப்பு குறைஞ்சுகிட்டே வருது, அதனால ஃபயர் ஸ்டேஷன மூடினா ஒண்ணும் ஆகாது, கவுன்சில்காரங்க (உள்ளாட்சி மன்றத்துக்காரங்க) எதிர்க்கிறது வெறும் ஓட்டு அரசியல்னு கட்டுரைல எழுதியிருக்கீங்க, அதத்தான் என்னால ஒத்துக்க முடியல. 2014ல லண்டன்ல 10 ஸ்டேஷன மூடினப்போ சில கவுன்சில்கள் கோர்ட் வரைக்கும் போய்த் தோத்துச்சு, அங்கயாவது எதிர்க்கறதுக்கு கவுன்சில்னு தனியா ஒண்ணு இருந்துச்சு, இங்க தென்னாப்பிரிக்கா டர்பன்ல ஃபயர் சர்வீஸே முனிசிபாலிட்டி கைலதான், பட்ஜெட்ட வெட்டுறதும் அவங்கதான், எதிர்க்கட்சி நாலு வார்த்தை பேசுவாங்க அவ்வளவுதான். அழைப்ப எண்ணி என்ன பிரயோஜனம், முதல் வண்டி எத்தனை நிமிஷத்துல வாசல்ல வந்து நிக்குதுங்கறதுதான் கணக்கு. போன தீபாவளிக்கு டர்பன்ல எங்க சாட்ஸ்வொர்த் ஏரியா தெருவுல முறுக்கு சுட்ட எண்ணெய் பத்திக்கிட்டு பக்கத்து வீட்டு அக்கா கிச்சன் சீலிங் வரைக்கும் எரிஞ்சுது, நாங்க ஈரப் போர்வைய போட்டு, மணல அள்ளிக் கொட்டி அணைச்சு முடிச்சப்புறம்தான் சைரன் சத்தமே கேட்டுச்சு, வந்த பசங்கள குத்தம் சொல்லல, பாவம், எங்கயோ தூரத்து ஸ்டேஷன்ல இருந்து வந்திருக்காங்க. தீ மட்டுமா, 2022 ஏப்ரல்ல இங்க வந்த வெள்ளத்துல ஜனங்கள மீட்க ஓடுனதும் இதே ஆளுங்கதான். மேல கமெண்ட் போட்ட அண்ணன் வாலண்டியர வெச்சு சமாளிக்கலாங்கறாரு, சரிண்ணே, மூச்சுக் கருவிய மாட்டிக்கிட்டு புகைக்குள்ள போக அவங்களுக்கு டிரெயினிங் யாரு குடுப்பா, அதுக்கு மட்டும் பட்ஜெட் எங்கிருந்து வரும்?